புலி கவ்விக்கொண்டு போனால்...

உங்களை ஒரு புலி கவ்விக்கொண்டு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதற வேண்டாம். நான் இருப்பது ஆரணி. கமண்டல நாகநதிக் கரையில் புலி உலாத்துவதாகத் தகவல் இல்லை. நதியில் தண்ணீரே எப்போதாவதுதான் உலாத்துகிறது! இருந்தாலும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். புலி உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. நான் துப்பாக்கியும் கையுமாக நிற்கிறேன். சுட்டால் புலிமேலும் படலாம், உங்கள்மேலும் படலாம். எப்படியாவது உங்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் சுடுகிறேன். குண்டு புலியை விட்டுவிட்டு உங்களைப் பதம் பார்த்துவிடுகிறது. நீங்கள் போய்ச் சேர்ந்துவிடுகிறீர்கள்.

இப்போது நான் கொலைகாரனா?

'இல்லை' என்கிறது சட்டம்.

இது என் கற்பனை இல்லை சாமி. 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டம் 92-வது பிரிவில் இந்தப் புலி ஓர் உதாரணமாகவே வருகிறது. அதே பிரிவில் குதிரையிலிருந்து விழுந்து மூர்ச்சையானவனுக்கு, அவன் சம்மதத்துக்குக் காத்திராமல், மண்டையில் ஆபரேஷன் செய்யும் டாக்டர் வருகிறார். தீப்பிடித்த வீட்டு மாடியிலிருந்து, கீழே விரித்துப் பிடித்த போர்வையில் குழந்தையைப் போடுகிறவர் வருகிறார். உயிர் பிழைக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் செய்தது தப்பாகப் போனால் அது குற்றமில்லை. அவ்வளவுதான் விஷயம்.

2024 ஜூலை 1-ல் அந்தப் பழைய சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பேர் மாறியது. நம்பர் மாறி 30-வது பிரிவு ஆனது. புலி மட்டும் மாறவில்லை. இன்னமும் ஆளைக் கவ்விக்கொண்டு அதே இடத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆக, உதவப் போகிறவனுக்கு நம் நாட்டுச் சட்டம் 160 வருஷத்துக்கு மேலாகத் தைரியம் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாம் தைரியமாக இருக்கிறோமா?

எந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலும் ஒருவர் சுருண்டு விழட்டும். பத்துப் பேர் கூடுவார்கள். ஒருவர் 'சோடா' என்பார். ஒருவர் 'இரும்புச் சாவியைக் கையில குடு' என்பார். இரண்டு பேர் செல்போனில் படம் எடுப்பார்கள். 'தூக்குங்கப்பா' என்று எல்லோரும் எல்லோரிடமும் சொல்வார்கள். தூக்குகிற கை மட்டும் வராது.

எங்கள் தெருத் தறிக்காரர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். முப்பது வருஷமாகக் குழித்தறியில் உட்கார்ந்து பட்டுப் புடவை நெய்கிறவர். நாடா ஓடுகிற வேகத்துக்குப் பேசுவார்.

"சாவுக்கு பயம் இல்ல சார். சாட்சிக்குத்தான் பயம்" என்றார்.

"புரியலையே?"

"இன்னா புரியல? தூக்கிகினு போய் ஆஸ்பத்திரியில சேத்தா, 'நீ யாரு, அவரு யாரு, எங்க பாத்தே, இன்னா பாத்தே'ன்னு கேப்பாங்க. அப்பறம் ஸ்டேஷன். அப்பறம் கோர்ட்டு. ஒரு வாய்தாவுக்குப் போனா ஒரு நாள் நெசவு போச்சு. பத்து வாய்தா போனா ஒரு பொடவை போச்சு. எவன் குடுப்பான் அந்தக் கூலிய?"

இதே மனிதரை நீங்கள் வேறு இடத்தில் பார்க்க வேண்டும். காலை வேளையில் தெருவில் நீளமாகப் பாவை இழுத்துக் கட்டியிருப்பார்கள். திடீரென்று ஒரு தூறல் போடும். அவ்வளவுதான்... தெருவே ஓடிவரும்! அடுப்பில் பாலை வைத்துவிட்டு அம்மாக்கள் ஓடிவருவார்கள். பேசாத பங்காளி ஓடிவருவான். 'இது யார் பாவு?' என்று ஒருத்தரும் கேட்பதில்லை. நனைவதற்குள் சுருட்டி உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் மறு பேச்சு.

பட்டு நூலுக்கு ஓடிவருகிற கால், விழுந்த மனுஷனுக்கு ஏன் தயங்குகிறது? ஈரம் வற்றிப்போனதாலா? இல்லை. பாவைத் தூக்கினால் யாரும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவதில்லை. அதுதான் காரணம்.

தறிக்காரர் மட்டும் சொல்கிற விஷயம் இல்லை இது. டெல்லியில் சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் என்று ஓர் அமைப்பு. அதை 2008-ல் தொடங்கியவர் பியூஷ் திவாரி. அவருடைய உறவுக்காரப் பையன் விபத்தில் அடிபட்டு ரோட்டோரத்தில் கிடந்தபோது யாரும் தூக்கவில்லை. பையன் பிழைக்கவில்லை. அந்த அமைப்பு 2013-ல் எடுத்த கணக்கில், 100-க்கு 74 பேர் அடிபட்டவருக்கு உதவ முன்வருவது சந்தேகம் என்று தெரிந்தது. அப்படித் தயங்கியவர்களில் 88 சதவிகிதம் பேர் சொன்ன காரணம், போலீஸ், கோர்ட், அலைச்சல்.

டாக்டர்களும் ஒரு காலத்தில் இதே பயத்தில்தான் இருந்தார்கள். ஸ்கூட்டரில் போன ஒருவரைக் கார் இடித்துவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். 'இது போலீஸ் கேஸ். நாங்கள் பார்க்க முடியாது. 20 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே போங்கள்' என்று அனுப்பிவிட்டார்கள். வழியிலேயே உயிர் போனது. பேப்பரில் வந்த இந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு பரமானந்த் கட்டாரா என்பவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1989 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. முதலில் உயிர், அப்புறம்தான் சட்டச் சடங்குகள். அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, எவராக இருந்தாலும் உடனே சிகிச்சை தந்தாக வேண்டும்.

தூக்கிக்கொண்டு வருகிற சாதாரண ஆளுக்கு நியாயம் கிடைக்க இன்னும் 27 வருஷம் ஆனது. சேவ்லைஃப் 2012-ல் வழக்குப் போட்டது. மத்திய அரசு 2015-ல் வழிமுறைகள் வெளியிட்டது. 2016 மார்ச் 30-ல் நீதிபதிகள் கோபால கவுடாவும் அருண் மிஸ்ராவும் அந்த வழிமுறைகள் நாடு முழுக்கச் செல்லும் என்று முத்திரை குத்தினார்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்று புதுப் பிரிவே வந்துவிட்டது. 2020-ல் விதிகளும் வந்தன.

தறிக்காரரிடம் விளக்கினேன். "அண்ணே, விபத்தில அடிபட்டவரை நீங்க ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு உடனே கிளம்பலாம். பேர், ஊர் சொல்லுன்னு யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. 'பணம் கட்டு'ன்னு உங்களைப் பிடிச்சு வைக்கக் கூடாது. சாட்சி சொல்றது உங்க இஷ்டம். உதவும்போது உங்க கவனக்குறைவால ஏதாவது ஆயிட்டாக்கூட உங்கமேல சிவில் கேஸும் கிடையாது, கிரிமினல் கேஸும் கிடையாது. இதெல்லாம் ஆஸ்பத்திரி வாசல்ல, உள்ளூர் பாஷையிலயும் எழுதி வைக்கணும்னு விதியே இருக்கு."

அவர் தறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இதெல்லாம் தெரிஞ்ச ஆளு, ராத்திரி ஒம்போது மணிக்கு ஸ்டேஷன்ல ட்யூட்டியில இருப்பாரா சார்?"

நான் பேச்சை மாற்றினேன். "உதவி பண்ணினா பரிசுகூட உண்டு. 2021-ல 5,000 ரூபாய்னு அறிவிச்சாங்க. 2025-ல அதை 25,000 ஆக்கிட்டாங்க."

"அப்ப இனிமே விழுந்தவனைத் தூக்கறதுக்கு அடிதடி நடக்கும்" என்றார்.

சிரித்தோம். ஆனால் நிஜமான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 134-ஏ பிரிவை நிதானமாகப் படித்தால் தெரியும். அது மோட்டார் வாகன விபத்துக்கு மட்டும்தான். பரிசும் அதற்குத்தான். 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. மிக நல்ல திட்டம்தான். அதுவும் சாலை விபத்துக்குத்தான்.

ஆகவே பொதுமக்கள் தயவுசெய்து லாரியில் அடிபட்டு விழவும்! தறியிலிருந்து எழுந்திருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழாதீர்கள். வயல் வரப்பில் பாம்பு கடித்து விழாதீர்கள். மாத்திரை அதிகமாகி விழாதீர்கள். அப்படி விழுந்தால், உங்களைத் தூக்குகிறவருக்கு 134-ஏ கிடையாது. பழைய புலிதான் துணை.

அந்தப் புலி எவ்வளவு தூரம் துணைக்கு வரும் தெரியுமா? 134-ஏ வாசலிலேயே நின்று கேஸைத் தடுக்கிற காவலாளி. புலி அப்படி இல்லை. கேஸ் வந்தபிறகு கோர்ட்டில் எடுத்துச் சொல்ல வேண்டிய சமாதானம். 'நல்லெண்ணத்தில் செய்தேன்' என்றால் மட்டும் போதாது. சட்டத்தில் நல்லெண்ணம் என்றால் உரிய கவனத்தோடும் அக்கறையோடும் செய்ததாக இருக்க வேண்டும். அதைக் காட்டுகிற பொறுப்பு யார் தலையில்? குற்றம் சாட்டப்பட்டவர் தலையில்தான். அப்படிச் சொல்வது 2023-ல் இயற்றிய பாரதிய சாட்சிய அதினியம். பிரிவு எண்ணைக் கேளுங்கள்...

108!

ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுகிற அதே நம்பர். சட்டம் எழுதுகிறவர்கள் சிரிக்க மாட்டார்கள் என்று யார் சொன்னது?

ஆம்புலன்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் ஆம்புலன்ஸில் டெக்னீஷியன். தூக்கிப் போகிற வழியில் நாடி பார்ப்பது, ஆக்ஸிஜன் வைப்பது, போனில் டாக்டரைக் கேட்டு ஊசி போடுவது எல்லாம் அவர்தான். அவர் ஒரு நாள் என்னிடம் கேட்ட கேள்விதான் இந்த வாரம் என்னைப் பேனா எடுக்க வைத்தது.

தமிழ்நாட்டில் சில வருஷங்களாகப் பேப்பரில் அடிக்கடி ஒரு செய்தி வருகிறது. டேபென்டடால் என்ற வலி மாத்திரையைப் பையன்கள் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். போலீஸ் அட்டை அட்டையாகப் பிடிக்கிறது. இந்த மாத்திரை அபின் வகையறாவைச் சேர்ந்தது. அளவு மீறினால் முதலில் போவது மூச்சு. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். உதடு நீலம் பாயும். மூச்சு நின்ற நாலைந்து நிமிஷத்தில் மூளை கெட ஆரம்பித்துவிடும். ஆரணியிலிருந்து அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் கதை முடிந்துவிடும். அப்போது அந்தப் பையனுக்கு யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்தான் டாக்டர்.

இதற்கு ஒரு மாற்று மருந்து இருக்கிறது. பெயர் நலாக்சோன். 1961-ல் ஜாக் ஃபிஷ்மேன், லெவன்ஸ்டீன் என்ற இருவர் கண்டுபிடித்தது. இது வேலை செய்கிற விதம் வேடிக்கையானது. மூளையில் அபின் சரக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு மூச்சை அமுக்குகிறது. நலாக்சோன் போய் அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு மூன்று நிமிஷத்தில் செத்தவன் மாதிரி கிடந்தவன் மூச்சு விடுவான். உடம்பில் அபின் சரக்கே இல்லாதவனுக்குத் தப்பாகக் கொடுத்துவிட்டாலும் பெரிய கெடுதல் வராது.

ஒரே ஒரு வில்லங்கம். இந்த மருந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். அது எழுந்து போனதும், வாசலில் காத்திருக்கும் பழைய விருந்தாளி மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்துவிடலாம். மூச்சு மறுபடி நிற்கும். எனவே கண் விழித்தவனைக் கட்டாயம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவன் வருவானா? நடுக்கமும் வாந்தியுமாக எழுந்து, 'யாருய்யா என்னை எழுப்பினது?' என்று சண்டைக்கு வருவான்!

அந்தத் தம்பி கேட்டது இதுதான்: "சார், நான் மருந்து குடுத்து, அவன் முழிச்சு, என்னைத் தள்ளிட்டு எறங்கி ஓடிப்போயி, ஒரு மணி நேரம் கழிச்சு செத்துட்டா... யார் ஜெயிலுக்குப் போறது?"

எனக்குத் தெரிந்த சட்டத்தைப் புரட்டினேன். புரட்டப் புரட்ட வயிற்றைக் கலக்கியது.

134-ஏ அவருக்கு உதவாது. மோட்டார் விபத்து இல்லை. தவிர, அந்தப் பிரிவு எந்தப் பலனும் எதிர்பாராமல் தானாக முன்வந்து உதவுகிறவருக்கு. இவரோ சம்பளத்துக்கு உதவுகிறவர். சம்பளம் வாங்குகிறவர் தன் பயிற்சிக்கு ஏற்ற கவனத்தோடு வேலை செய்தாக வேண்டும். அது நியாயமும்கூட.

அடுத்து, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது. பழைய சட்டத்தில் 304-ஏ. யாராக இருந்தாலும் அதிகபட்சம் இரண்டு வருஷம். புதிய சட்டத்தில் 106(1). அதிகபட்சம் ஐந்து வருஷம். ஆனால் பதிவு பெற்ற டாக்டர் சிகிச்சையின்போது செய்திருந்தால் மட்டும் இரண்டு வருஷம். டாக்டர் என்றால் யார்? மருத்துவப் பதிவேட்டில் பேர் இருக்கிறவர். ஆம்புலன்ஸ் டெக்னீஷியன் பேர் அதில் இருக்காது.

ஆக, போனில் 'ஊசி போடு' என்று சொல்கிற டாக்டருக்கு உச்சபட்சம் இரண்டு வருஷம். ஓடுகிற வண்டியில், ஒற்றை பல்பு வெளிச்சத்தில், உறவுக்காரர்கள் கூச்சலுக்கு நடுவே அந்த ஊசியைப் போடுகிறவருக்கு உச்சபட்சம் ஐந்து வருஷம். படிப்பு குறையக் குறையத் தண்டனை ஏறுகிறது!

டாக்டர்களுக்கு இன்னொரு கவசமும் உண்டு. 1995-ல் லூதியானாவில் மூச்சுத் திணறிய ஒரு நோயாளிக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் கொண்டுவந்தார்கள். சிலிண்டர் காலி. நோயாளி இறந்துபோனார். அந்த வழக்கில், ஜேக்கப் மாத்யூ என்ற டாக்டரை விடுவித்து 2005-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. முடிவெடுப்பதில் வரும் பிசகு வேறு, குற்றமாகிற அலட்சியம் வேறு. படு மோசமான அலட்சியமாக இருந்தால்தான் கிரிமினல் கேஸ். அதுவும், விஷயம் தெரிந்த வேறொரு டாக்டரின் கருத்தைக் கேட்ட பிறகே போலீஸ் மேலே போக வேண்டும். அருமையான தீர்ப்பு. ஆனால் அது டாக்டரை மனதில் வைத்து எழுதியது. வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து போகிற தம்பிக்கு அது எட்டுமா என்பதை அவருடைய வக்கீல் வாதாடித்தான் வாங்க வேண்டும்.

'அப்போ இவர்களை யாரும் கேள்வியே கேட்கக் கூடாதா?' என்று உங்களில் சிலர் முறைப்பது தெரிகிறது. கேட்க வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால், கூப்பிட்டும் வராமல் இருந்தால், சொல்லிக்கொடுத்த முறையை மீறினால் கட்டாயம் கேட்க வேண்டும். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்குப் பதில் வேண்டாமா? ஆனால் பதில் சொல்ல வேண்டியது முதலில் யார்? 1992-ல் மேற்கு வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஒருவரை அரசு ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரியாக அலைக்கழித்து, படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் தனியாரிடம் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். 1996-ல் சுப்ரீம் கோர்ட், வாசலில் நின்ற சிப்பந்தியைப் பிடிக்கவில்லை. 'உயிர் காப்பது அரசின் கடமை, 25,000 ரூபாய் நஷ்டஈடு கொடு' என்று அரசாங்கத்தைப் பிடித்தது. பாவு சரியில்லாமல் நூல் அறுந்துகொண்டே இருந்தால், நெய்கிறவன் கையை வெட்டுவதா?

அமெரிக்காவில் இந்தப் பிரச்னை நம்மைவிடப் பூதாகாரம். அங்கே 2001-ல் நியூ மெக்சிகோ மாகாணம் ஆரம்பித்து வைத்தது. பிறகு எல்லா மாகாணங்களும் நலாக்சோன் மக்கள் கைக்குக் கிடைக்கச் சட்டம் போட்டன. நல்லெண்ணத்தில் அதைக் கொடுப்பவருக்குப் பல இடங்களில் சட்டமே பாதுகாப்புத் தருகிறது. படு மோசமான அலட்சியத்துக்கு மட்டும் விலக்கு. 2023 மார்ச்சில் மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரேயைச் சீட்டில்லாமல் கடையில் விற்கவும் அனுமதித்துவிட்டார்கள். நம் ஊரில் இது டாக்டர் சீட்டு கேட்கும் மருந்து. அதை நான் குறை சொல்லவில்லை. கையில் மருந்து இருக்கிறவனாவது பயமில்லாமல் கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

கேட்பது அதிகமில்லை. 134-ஏ பிரிவில் இருக்கிற பாதுகாப்பை, லாரி இடித்தாலும் பாம்பு கடித்தாலும் மாத்திரை மீறினாலும் ஒன்றுதான் என்று விரிக்க வேண்டும். சொல்லிக்கொடுத்த முறைப்படி, டாக்டர் சொல்லக் கேட்டு, நல்லெண்ணத்தில் வேலை செய்த டெக்னீஷியனுக்கு, அந்த டாக்டருக்கு உள்ள அதே தராசு வேண்டும். கேஸ் போடுமுன் விஷயம் தெரிந்தவரைக் கேட்கிற அந்த ஒரு படி, இவருக்கும் வேண்டும்.

நலாக்சோனைக் கண்டுபிடித்த ஜாக் ஃபிஷ்மேனின் மனைவிக்கு ஒரு மகன் இருந்தார். 2003-ல் ஹெராயின் அளவு மீறி இறந்துபோனார். மாற்று மருந்தைக் கண்டுபிடித்தவர் வீட்டுக்கே அந்தக் கதி. மருந்து உலகத்தில் இருந்தால் போதாது. விழுந்தவன் பக்கத்தில் இருக்க வேண்டும், அதை எடுக்கிற கை நடுங்காமல் இருக்க வேண்டும்.

நடுக்கம் ஊசியைப் பார்த்து வருவதில்லை. நாளைக்கு வரப்போகிற சம்மனை நினைத்து வருகிறது.

புலியைச் சுடுகிறவனுக்கு 1860-லேயே கவலை தீர்ந்துவிட்டது. புலிகள்தான் இப்போது ஊருக்குள் வருவதில்லை. மாத்திரை அட்டைகள் வருகின்றன. சட்டப் புத்தகத்தில் புலிக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு உதாரணத்துக்கு இடம் இருக்கிறது. நாலே வரி போதும்.